முகவரிக்கு ஒரே ஒரு கோரிக்கை அனுப்பும் பாட்கள்: சிறிய சர்வரைக் காப்பது எப்படி?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து, பொருளடக்கத்தைத் தட்டச்சு செய்து தொகுக்கும் ஒரு காப்பகத் தளத்தை நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து நடத்தி வருகிறேன். தளம் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இயங்குகிறது. 4 கோர், 8 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்). முன்னால் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பி, தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல். அதே சர்வரில் எங்கள் ஊர்க் கடைகள், இரண்டு பள்ளிகள், ஒரு அச்சகம் என முப்பதுக்கும் மேற்பட்ட சிறு வேர்ட்பிரஸ் தளங்களையும் குறைந்த கட்டணத்தில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே தளத்தின் சொந்தக்காரன், ஹோஸ்டிங் வழங்குபவன் என இரண்டு பொறுப்புகளும் என்மீது இருக்கின்றன.

மூன்று வாரங்களாக இரவு 1 மணி முதல் 4 மணி வரை சர்வர் திணறுகிறது. வழக்கமாக 2 அல்லது 3 என்று இருக்கும் லோடு (சர்வரின் வேலைப்பளு அளவு) 40ஐத் தாண்டுகிறது, மைஎஸ்க்யூஎல் நின்றுபோகிறது, காப்பகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கடைகளின் தளங்களும் சேர்ந்தே விழுகின்றன. இத்தனைக்கும் பேண்ட்வித்தில் கால்பங்கு கூட நிரம்பவில்லை.

வந்த கோரிக்கைகள் பதிவாகும் லாக் கோப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 38,000 கோரிக்கைகள் வந்திருந்தன. அவற்றை அனுப்பிய முகவரிகள் மட்டும் 31,000க்கு மேல். பெரும்பாலான முகவரிகள் ஒரே ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு மறைந்துவிடுகின்றன. எல்லாம் தங்களைப் பழைய குரோம் உலாவி என்றே சொல்லிக்கொள்கின்றன. ஆனால் எதுவும் படத்தையோ ஸ்டைல் கோப்பையோ கேட்பதில்லை. அவை கேட்பவை பெரும்பாலும் பக்க வரலாறும் திருத்த ஒப்பீடுகளும்தான். 1962ஆம் ஆண்டு இதழ் ஒன்றின் பொருளடக்கப் பக்கத்தை நாங்கள் 14 முறை திருத்தியிருக்கிறோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தப் பழைய வடிவம், முந்தையதோடு ஒப்பீடு, இப்போதையதோடு ஒப்பீடு என மூன்று இணைப்புகள் இருப்பதால், ஒரு பக்கம் நாற்பது பக்கமாகப் பெருகிவிடுகிறது. அந்த நாற்பதையும் ஒரே இரவில் நாற்பது முகவரிகள் கேட்டிருக்கின்றன.

பாட்கள், அதாவது தானாகப் பக்கங்களைக் கேட்கும் நிரல்கள், எவற்றை எடுக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் தடை எழுதினேன், பலனில்லை. பிறகு முகவரித் தொகுதிகளைப் பயர்வாலில் அடைக்கத் தொடங்கினேன். ஒரு கைபேசி நிறுவனத்தின் தொகுதியை அடைத்ததில் எங்கள் மாவட்ட வாசகர்களுக்கே தளம் திறக்காமல் போனது. ஆய்வுக்காக அன்றாடம் காப்பகத்தைப் பயன்படுத்தும் ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் நான்கு நாட்கள் காத்திருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. வாசகரை அடைக்காமல் இவற்றை மட்டும் தடுக்க வழி உண்டா?

மறுமொழி: மின்பொறி

வணக்கம் நண்பரே. பக்கம் வாரியாக லாக்கைப் பிரித்துப் பார்த்தது மிகச் சரியான வேலை. பலர் முகவரியை மட்டும் எண்ணிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கேட்பவர் யார் என்பதற்கு முகவரியை வைத்து விடை காண்பது இன்று ஏறக்குறைய இயலாத காரியம். கேட்கப்படும் பக்கம் எது, அதைத் தயாரிக்கச் சர்வருக்கு எவ்வளவு உழைப்பு ஆகிறது என்பவற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

முகவரி ஏன் உதவாது என்பதைச் சற்று விளக்குகிறேன். நீங்கள் கண்ட 31,000 முகவரிகளில் பெரும்பாலானவை வீட்டு இணைப்புகளாக இருக்க வாய்ப்பு அதிகம். இலவச விபிஎன் செயலி போன்ற ஏதோ ஒன்றை நிறுவியவரின் கணினி, அவருக்குத் தெரியாமலேயே பிறருடைய போக்குவரத்தைக் கடத்தும் வழியாகிவிடுகிறது; அப்படிச் சேர்த்த இணைப்புகளை வாடகைக்கு விடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை முடக்கிய 911 எஸ்5 என்ற வலையமைப்பில் மட்டும் 1.9 கோடி ஐபி முகவரிகள் இருந்தன. இன்னொரு பக்கம், ஐபிவி4 முகவரிகள் போதாமையால் கைபேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. கெட்ட பாட் ஒன்றின் முகவரியை அடைத்தால், அதே முகவரிக்குப் பின்னால் இருக்கும் ஒரு தெருவே அடைபட்டுப் போகும். அந்த மாணவிக்கு நேர்ந்தது இதுதான். உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் சர்வர் பேண்ட்வித் நிரம்பாமலேயே விழுவதற்கும் காரணம் உண்டு. வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் பக்கங்கள் கேஷில், அதாவது தயாராக வைத்த நகல்களில், இருக்கும். அவற்றைக் கொடுக்க எந்தச் செலவும் இல்லை. பழைய திருத்தங்களின் ஒப்பீட்டை மனிதர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கேட்டால் அதிகம் என்பதால் அது எந்தக் கேஷிலும் இருக்காது. ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து இரண்டு வடிவங்களை எடுத்து, வரி வரியாக ஒப்பிட்டுப் புதிதாகத் தயாரிக்க வேண்டும். விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கு இதையே காட்டியது: பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கு ஏறத்தாழ 35 விழுக்காடு, ஆனால் அதிகச் செலவு வைக்கும் போக்குவரத்தில் அவற்றின் பங்கு 65 விழுக்காடு. அவ்வளவு பெரிய அமைப்பையே வாட்டுவது நமது 8 ஜிபி சர்வரை வீழ்த்துவதில் வியப்பில்லை.

செய்ய வேண்டியது இதுதான். என்ஜின்எக்ஸில் கோரிக்கை வேகத்துக்கு வரம்பு வைக்கும் வசதியை எல்லோரும் முகவரியைச் சாவியாக (எதை வைத்துக் கோரிக்கைகளை எண்ணுவது என்பதற்கான அடையாளம்) வைத்தே எழுதுகிறார்கள்; முகவரிக்கு ஒரு கோரிக்கை மட்டும் அனுப்பும் கூட்டத்திடம் அது செல்லாது. சாவியை ஒரு மாறாத சொல்லாக வைத்துவிடுங்கள். அதாவது, கோரிக்கை வரலாறு, ஒப்பீடு, பழைய திருத்தம், சிறப்புப் பக்கம் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு, உடன் உள்நுழைவுக் குக்கியும் (உள்நுழைந்தவரின் உலாவி அனுப்பும் அடையாளத் துணுக்கு) இல்லையென்றால், சாவி "விருந்தினர்" என்ற ஒரே சொல். மற்ற எல்லாக் கோரிக்கைகளுக்கும் சாவி வெற்று. சாவி வெற்றாக இருந்தால் என்ஜின்எக்ஸ் அந்தக் கோரிக்கையை எண்ணுவதே இல்லை என்பதுதான் இதன் நுட்பம். இப்போது 31,000 முகவரிகளும் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசைக்கு மொத்தமாக நொடிக்கு இரண்டு கோரிக்கைகள் என்று வைத்தால், எத்தனை லட்சம் முகவரிகள் வந்தாலும் மைஎஸ்க்யூஎல்லைத் தொடுவது நொடிக்கு இரண்டு மட்டுமே. கட்டுரைப் பக்கங்களையோ ஸ்கேன் படங்களையோ பார்க்க வரும் வாசகர் இந்த வரிசைக்குள் வருவதே இல்லை. காப்பகத்தைத் திருத்தும் உங்கள் நண்பர்கள் உள்நுழைந்திருப்பதால் அவர்களுக்கும் தடையில்லை.

இரண்டு சிறு குறிப்புகள். வரம்பைத் தாண்டியவருக்கு என்ஜின்எக்ஸ் இயல்பாக 503 (சேவை கிடைக்கவில்லை) என்ற குறியை அனுப்பும். அதை 429 (கோரிக்கைகள் மிகுதி) என்று மாற்றிவிட்டால், உண்மையான பழுதையும் தடுக்கப்பட்ட கோரிக்கையையும் லாக்கில் பிரித்தறியலாம். அடுத்து, குக்கி இருக்கிறதா என்று மட்டுமே இங்கு பார்க்கிறோம், அது உண்மையானதா என்று பார்ப்பதில்லை. ஒரு நாள் பாட்கள் போலிக் குக்கியோடு வரக்கூடும். அன்று விதியைக் கடுமையாக்கிக்கொள்ளலாம்.

ரோபாட்ஸ் கோப்பை மட்டும் நீக்கிவிடாதீர்கள். 1994இல் மார்டைன் கோஸ்டர் அதை முன்வைத்தபோதே அது ஒரு வேண்டுகோள்தான். 2022இல் ஆர்எஃப்சி 9309 என்ற இணையத் தர ஆவணமாகத் தரப்படுத்தப்பட்டபோதும், அந்த விதிகள் அனுமதி வழங்கும் முறை ஆகா என்று அந்த ஆவணமே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் கூகுள் போன்ற ஒழுங்கான பாட்கள் அதை மதிக்கின்றன. கட்டுரைகள் ஒரு பாதையிலும் மற்ற செயல்கள் எல்லாம் வேறொரு பாதையிலும் இருக்கும்படி மீடியாவிக்கியை அமைத்துக்கொண்டால், ஒரே வரியில் அந்த இரண்டாம் பாதை முழுவதையும் விலக்கிவிடலாம். கூகுள்பாட் என்று சொல்லிக்கொண்டு வரும் எல்லாவற்றையும் நம்பவும் வேண்டாம்: முகவரியிலிருந்து பெயரைத் தேடி, அது கூகுளின் டொமைனில் முடிகிறதா என்று பார்த்து, அந்தப் பெயரிலிருந்து மறுபடி முகவரியைத் தேடினால் அதே முகவரி வர வேண்டும். இரண்டு திசையும் பொருந்தாவிட்டால் அது போலி.

மறுமொழி: செந்தாழை

மின்பொறி அவர்கள் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். அந்த முப்பது வேர்ட்பிரஸ் தளங்களைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன், ஏனெனில் அங்கே வரும் பாட்களின் இயல்பு வேறு.

வேர்ட்பிரஸில் இரண்டு கதவுகள்தான் முதலில் தட்டப்படும்: உள்நுழைவுப் பக்கம், வெளிச் செயலிகள் தளத்தோடு பேச உதவும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பு. இரண்டாவதன் வழியாக ஒரே கோரிக்கைக்குள் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களைச் சோதித்துப் பார்க்கும் தந்திரம் 2015இல் பரவியது. பிந்தைய பதிப்புகளில் அந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்றாலும் பாட்கள் தட்டுவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு தட்டலும் ஒரு பிஎச்பி செயலியை விழிக்க வைக்கிறது. ஜெட்பேக் செருகுநிரலோ வேர்ட்பிரஸ் கைபேசிச் செயலியோ யாரும் பயன்படுத்தவில்லை என்று வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்தக் கோப்பை என்ஜின்எக்ஸ் நிலையிலேயே மூடிவிடுங்கள்.

உள்நுழைவுப் பக்கத்தைத் தாக்குபவை பெரும்பாலும் ஒரே முகவரியிலிருந்து பல முறை முயல்வதால், லாக்கைப் பார்த்து, தொடர்ந்து தவறும் முகவரிகளை அடைக்கும் ஃபெயில்2பேன் இங்கே நன்றாக வேலை செய்யும். கடவுச்சொல் தவறினால் வேர்ட்பிரஸ் 200 (சரி) என்ற நிலைக் குறியைத்தான் திருப்பி அனுப்புகிறது. சரியாக இருந்தால்தான் 302 (வேறு பக்கத்துக்குத் திருப்பு). தோல்வி என்றால் 401 அல்லது 403 (அனுமதி மறுப்பு) வரும் என்று நினைத்து விதி எழுதினால் அது எதையும் பிடிக்காது. உள்நுழைவுப் பக்கத்துக்கு வந்த போஸ்ட் கோரிக்கை (படிவத்தை நிரப்பி அனுப்புவது) 200 என்று முடிந்தால் அதைத் தோல்வியாக எண்ணும்படி எழுதுங்கள்.

தளங்களுக்கு முன்னால் சிடிஎன் (வாசகருக்கும் சர்வருக்கும் இடையில் நின்று பக்கங்களைக் கொடுக்கும் சேவை) வைத்திருந்தால், ஒரு தவறைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். முதன்முதலில் நான் அதை அமைத்த அன்று, சர்வரின் லாக்கில் வாசகரின் முகவரி பதிவாகாமல் சிடிஎன்னின் முகவரியே பதிவாகிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஃபெயில்2பேன் தன் கடமையைச் செய்து, சிடிஎன்னின் முகவரிகளையே ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போனது. எல்லாத் தளங்களும் முக்கால் மணி நேரம் கிடைக்கவில்லை. உண்மையான முகவரியைச் சிடிஎன் கோரிக்கையோடு சேர்க்கும் ஒரு தலைப்பு வரியில் அனுப்பும். அந்தத் தலைப்பைச் சிடிஎன்னின் அறிவிக்கப்பட்ட முகவரிகளிலிருந்து வரும்போது மட்டுமே நம்பும்படி அமைக்க வேண்டும், இல்லையென்றால் எவரும் பொய்த் தலைப்பை எழுதிவிட முடியும். அப்படி அமைத்த பிறகும், வாசகரின் முகவரியை உங்கள் சர்வரின் பயர்வாலில் அடைப்பதில் பயனில்லை, ஏனெனில் இணைப்பு வருவது சிடிஎன்னிலிருந்து; தடையை என்ஜின்எக்ஸிலோ சிடிஎன்னிலோதான் வைக்க வேண்டும். கூடவே 80, 443 ஆகிய இரண்டு போர்ட்களையும் சிடிஎன்னுக்கு மட்டும் திறந்து வையுங்கள். பழைய டிஎன்எஸ் பதிவாலோ, அதே சர்வரில் இயங்கும் மின்னஞ்சலாலோ சர்வரின் உண்மை முகவரி வெளியே தெரிந்துவிட்டால், பாட்கள் சிடிஎன்னைச் சுற்றிக்கொண்டு நேராக வந்துவிடும்.

மறுமொழி: கல்தூண்

நான் டேட்டா சென்டர் வலையமைப்புப் பணியில் இருக்கிறேன். ஹோஸ்டிங் வழங்குபவர் என்ற முறையில் உங்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

காப்பகம் திணறியபோது கடைகளின் தளங்களும் விழுந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாட்களின் குற்றம் மட்டும் ஆகாது. வீடுகளுக்கு நடுவே சுவர் இல்லை என்பதே காரணம். ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் பிஎச்பி-எஃப்பிஎம் தொகுதி (பிஎச்பி செயலிகளின் குழு) அமைத்து, அதற்கு இத்தனை செயலிகள்தான் என்று உச்சவரம்பு வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லிலும் ஒவ்வொரு பயனருக்கும் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புகள் என்று கட்டுப்படுத்தலாம். பெரிய ஷேர்டு ஹோஸ்டிங் நிறுவனங்களில் கிளவுட்லினக்ஸ் என்ற இயங்குதளம் செய்வதும் இதுவே. அளவைத் தாண்டிய தளம் மட்டும் 508 (வள வரம்பு எட்டியது) காட்டும், பக்கத்துத் தளங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டைத் தடுக்கும் விதி எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், ஏனெனில் விதி ஒரு நாள் தவறும்.

உங்களுக்கு வந்திருப்பது சர்வரைச் சோர்வடையச் செய்யும் வகை. குழாயையே நிரப்பும் வகை ஒன்று உண்டு. அதைச் சர்வருக்குள் இருந்துகொண்டு எதுவும் செய்ய முடியாது. 2016 செப்டம்பரில் பிரான்சின் ஓவிஎச் ஹோஸ்டிங் நிறுவனத்தின் மீது நொடிக்கு ஏறத்தாழ 1 டெராபிட் அளவில் தாக்குதல் வந்தபோது, அதை அனுப்பியவை பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராக்களும் பதிவுக் கருவிகளும். மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைக்கப்பட்ட அறுபத்துச் சொச்சம் பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகளை மட்டும் முயன்று அத்தகைய கருவிகளைக் கைப்பற்றியிருந்தது. உங்கள் விபிஎஸ்ஸின் போர்ட் 1 ஜிகாபிட் என்றால், அத்தகைய வெள்ளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே அதை நிரப்பிவிடும். எனவே உங்களுக்கு மேலிருக்கும் வழங்குநரிடம் இன்றே கேட்டு வையுங்கள்: வெள்ளம் வந்தால் வடிகட்டித் தருவார்களா, அல்லது உங்கள் முகவரிக்கு வரும் அனைத்தையும் கருந்துளைக்குத் திருப்பிவிடுவார்களா? இரண்டாவது வழியில் மற்ற வாடிக்கையாளர்கள் பிழைப்பார்கள், நீங்கள் இணையத்திலிருந்து காணாமல் போவீர்கள். அதை இரவு 2 மணிக்குத் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

உங்கள் சர்வரே பிறருக்குத் தீங்கு செய்யும் கருவியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் ஹோஸ்டிங் வழங்குபவரின் கடமை. மீடியாவிக்கிக்கு மெம்கேஷ்டு என்ற கேஷ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் பலர். 2018 பிப்ரவரி 28 அன்று நிரல் களஞ்சியத் தளமான கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் பாய்ந்தபோது, அதைப் பாய்ச்சியவை கவனிப்பாரின்றி இணையத்துக்குத் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்கள்தான். பொய்யான அனுப்புநர் முகவரியோடு ஒரு சிறு யுடிபி கேள்வி (அனுப்புநரைச் சரிபார்க்காத அனுப்பு முறை) போனால், அதைப்போல் பல்லாயிரம் மடங்கு பெரிய விடை இலக்கின் தலையில் போய் விழும். உங்களிடம் 11211 போர்ட் வெளியே தெரியாமல், 127.0.0.1 (சர்வரின் உள்முகவரி) இல் மட்டும் கேட்கிறதா என்று பாருங்கள். பொய் முகவரியோடு ஒரு பொட்டலமும் தன் வலையிலிருந்து வெளியேறாமல் தடுக்க வேண்டும் என்ற பரிந்துரை 2000ஆம் ஆண்டிலேயே பிசிபி 38 என்று எழுதப்பட்டுவிட்டது. எல்லா வலையமைப்புகளும் அதைக் கடைப்பிடித்திருந்தால் இத்தகைய தாக்குதலுக்கு இடமே இருந்திருக்காது என்பது இத்துறையில் இருக்கும் எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இந்தியாவில் சேவை வழங்குகிறீர்கள் என்பதால் சட்டத்தையும் கவனியுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, அதில் பட்டியலிடப்பட்ட வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். உபுண்டு இயங்குதளத்தில் என்ஜின்எக்ஸ் லாக்குகள் இயல்பாக 14 நாட்களில் அழிந்துவிடும். அந்த அமைப்பை மாற்றாதவர்கள் நம்மில் நிறையப் பேர்.

மறுமொழி: ஏட்டுச்சுவடி

நான் நூலகர், சர்வர் வேலை அறியேன். இருப்பினும் இந்த இழையைப் படித்தபோது ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இப்போது சில காப்பகத் தளங்களைத் திறந்தால், பக்கம் வருவதற்கு முன் "நீங்கள் பாட் அல்ல என்பதைச் சரிபார்க்கிறோம்" என்ற திரை வருகிறது. எங்கள் நூலகத்தில் இருக்கும் பழைய கணினியில் அந்தத் திரை நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பார்வையற்ற வாசகர் ஒருவர் திரை வாசிப்பானோடு வருவார். சிதைந்த எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் பக்கங்களில் அவர் நின்றுவிடுகிறார், ஒவ்வொரு முறையும் நான் எழுந்துபோய்ப் படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. காப்பகத்தைக் காக்க எடுக்கும் நடவடிக்கை இவர்களை வெளியே நிறுத்திவிடக் கூடாது. அதேபோல், பழைய இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினுக்காகப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் பாட்டையும் சேர்த்து அடைத்துவிட்டால், உங்கள் தளம் ஒரு நாள் நின்றுபோகும்போது அதன் நகல் எங்கும் எஞ்சாது. சிற்றிதழ்கள் எத்தனை எளிதில் காணாமல் போகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மறுமொழி: மின்பொறி

அம்மா, மிக நியாயமான கேள்வி. நீங்கள் கண்டது பெரும்பாலும் அனுபிஸ் என்ற கட்டற்ற மென்பொருளாகவோ அதைப் போன்ற ஒன்றாகவோ இருக்கும். 2025 ஜனவரியில் ஷீ ஐயாசோ அதை எழுதினார். குனோம் போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் தங்கள் நிரல் களஞ்சியத்தைக் காக்க அதை நிறுவின. வாசகரின் உலாவி ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகே பக்கம் திறக்கும். ஒருவருக்கு அது ஓரிரு நொடி. லட்சக்கணக்கான பக்கங்களைக் கறக்க வருபவருக்குப் பெருஞ்செலவு. வேறு வழியே இல்லாதவர்கள் அதை நிறுவியதைக் குறைகூற மாட்டேன். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாத உலாவிக்கும் பழைய கருவிக்கும் அது சுமை என்பது உண்மை. சிதைந்த எழுத்துப் புதிரைவிட இது திரை வாசிப்பானுக்கு எளிது, அவ்வளவுதான்.

அதனால்தான் வைகைக்கரை நண்பருக்கு வரிசை முறையைச் சொன்னேன். ஒருவேளை அது போதாமல் போனாலும், அந்தக் கணக்குத் திரையை வரலாறு, ஒப்பீட்டுப் பக்கங்களுக்கு முன் மட்டும் வையுங்கள். இதழ்களைப் படிக்கும் பாதையில் எந்தத் திரையும் வேண்டாம்.

மறுமொழி: வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்பது நாட்களாகச் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் கல்தூண் அவர்கள் சொன்னபடி தளத்துக்கு ஒரு பிஎச்பி தொகுதியாகப் பிரித்தேன். முப்பது தளங்களுக்கும் இரண்டு இரவுகள் பிடித்தன. மூன்றாம் இரவு காப்பகம் மட்டும் திணறியது, கடைகளின் தளங்கள் நிற்கவில்லை. மறுநாள் "விருந்தினர்" வரிசையை நொடிக்கு இரண்டு என்று அமைத்துவிட்டு, இரவு 1 மணிக்கு லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 1.20க்குக் கூட்டம் வந்தது. வரிக்கு வரி 429 ஓடியது. லோடு 5ஐத் தாண்டவில்லை. அடைத்திருந்த முகவரித் தொகுதிகள் அனைத்தையும் அப்போதே திறந்துவிட்டேன். மாணவிக்கும் செய்தி அனுப்பினேன். காலையில் தளம் திறக்கிறது என்று பதில் வந்தது.

மெம்கேஷ்டு வெளியே திறந்திருக்கவில்லை. லாக்குகள் மட்டும் 14 நாட்களில்தான் அழிந்துகொண்டிருந்தன. 180 ஆக்கிவிட்டேன், சுருக்கி வைத்தால் இடம் பெரிதாகப் பிடிக்கவில்லை. எட்டுத் தளங்களில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி கோப்பை மூடியாயிற்று, மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேலிருக்கும் வழங்குநருக்கு வெள்ளம் குறித்து எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

நேற்று 429 பெற்றவற்றைப் பொறுமையாகப் பார்த்தபோது, படங்களையும் ஸ்டைல் கோப்பையும் சேர்த்துக் கேட்ட இரண்டு முகவரிகள் தென்பட்டன. ஒன்று 1971 இதழ் ஒன்றின் பக்கத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் இருந்துவிட்டு, அதன் திருத்த வரலாற்றைத் திறக்க மூன்று முறை முயன்றிருக்கிறது. அது வாசகராகத்தான் இருக்க வேண்டும். வரம்பை நொடிக்கு நான்காக உயர்த்தியிருக்கிறேன். 429 பக்கத்தில், சற்றுப் பொறுத்து மீண்டும் முயலுமாறும், தொடர்ந்து திறக்காவிட்டால் எங்களுக்கு எழுதுமாறும் தமிழில் இரண்டு வரி சேர்த்து, எங்கள் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்திருக்கிறேன். ஏட்டுச்சுவடி அம்மா, இன்டர்நெட் ஆர்க்கைவின் பாட் கட்டுரைப் பக்கங்களை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு எந்தத் தடையும் வைக்கவில்லை.